நாற்றங்காலும் தறிமேடையும்: எம்.எஸ். சுவாமிநாதன் கேட்ட கேள்வி ஆரணியில்

ஆரணி என்றால் மளிகைக் கடைக்காரருக்கு அரிசி மூட்டை நினைவுக்கு வரும். கல்யாண வீட்டாருக்குப் பட்டுப்புடவை. கமண்டல நாகநதிக் கரையிலுள்ள இந்த ஊர் இரண்டுக்கும் பேர் போனது. சுற்றுவட்டாரத்தில் நெல் வயல்களும் அரிசி ஆலைகளும். ஊருக்குள்ளும் தேவிகாபுரம் போன்ற பக்கத்து ஊர்களிலும் தறிகள். இரண்டு தொழிலிலும் பாதிக்குமேல் வேலை பெண்கள் கையால் நடக்கிறது. ஆனால் வயல் ஒருவர் பெயரில் இருக்கிறது, தறிக்கூலி ஒருவர் பெயரில் வருகிறது, அந்த ஒருவர் பெரும்பாலும் ஆண். பெண்ணின் பெயர் எந்த இடத்தில் தொலைகிறது என்பதில்தான் இரு தொழில்களும் வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டை அளக்கப் பேராசிரியர் எம்.எஸ். சுவாமிநாதன் விட்டுச்சென்ற கேள்வி ஒன்று நமக்கு உதவுகிறது.

1925இல் கும்பகோணத்தில் பிறந்து 2023 செப்டம்பர் 28 அன்று சென்னையில் மறைந்த அவரை நாடு கோதுமைப் புரட்சிக்காக நினைக்கிறது. டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் மரபியல் கற்பித்து, தலைமுறை தலைமுறையாக ஆய்வு மாணவர்களை உருவாக்கியவர் அவர். 1964இல் தொடங்கிய தேசிய செயல்விளக்கத் திட்டத்தில் புதிய விதைகளைச் சிறு விவசாயிகளின் சொந்த நிலத்திலேயே பயிரிட்டுக் காட்ட வேண்டும் என்று வலியுறுத்தினார். ஆராய்ச்சிப் பண்ணை வேலிக்கு வெளியே போய் யார் உழைக்கிறார்கள் என்று பார்ப்பதும் அவருக்கு அறிவியலின் பகுதிதான். பிலிப்பைன்ஸ் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமை இயக்குநராக அவர் இருந்தபோது, நெல் சாகுபடியில் பெண்களின் பங்கு குறித்து 1983இல் அங்கே ஒரு மாநாடு கூடியது. 1987இல் முதல் உலக உணவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தத் தொகையைக் கொண்டு அடுத்த ஆண்டே சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார்.

அவர் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையத்தின் பணியிலிருந்து 2007ஆம் ஆண்டின் தேசிய விவசாயிகள் கொள்கை பிறந்தது. நிலம் வைத்திருப்பவரோடு குத்தகைதாரர், கூலித் தொழிலாளர், கால்நடை வளர்ப்போர், மீனவர், பட்டுப்புழு வளர்ப்போர் என எல்லோரையும் அது விவசாயி என்றே கணக்கில் கொண்டது. பட்டு இழை பிறக்கும் இடம்வரை வந்த அந்தப் பட்டியல், இழை புடவையாகும் இடத்துக்கு வரவில்லை. நெசவு வேறு துறை. எனவே ஆரணிப் பெண்ணின் பாதிக் கதையை அவர் எழுதினார். மறுபாதியை நாம் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் வயல். நடவும் களையெடுப்பும் பெண்களின் வேலை; விதைநெல்லைக் காயவைத்துப் பூச்சி அண்டாமல் காப்பதும் அவர்கள்தான். ஆனால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டா, அடங்கல் கொண்டுவரச் சொல்வார்கள். 2019இல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவியும் நிலப் பதிவை வைத்தே கிடைக்கிறது. மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1989இலேயே வந்துவிட்டது. நாடு முழுவதும் 2005இல் வந்தது. இருந்தும் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நாட்டின் சாகுபடி நிலவுடைமைகளில் ஏறக்குறைய 14 சதவீதமே பெண்கள் பெயரில் இருந்தன. ஆக, வயலில் பெண்ணின் பெயர் பட்டாவில் தொலைகிறது.

அடுத்து தறி. இங்கே கணக்கெடுப்பு பெண்ணைப் பார்த்துவிட்டது. 2019-20இன் நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பில் பதிவான 35 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் 70 சதவீதத்துக்கும் அதிகமானோர் பெண்கள். நெய்பவர்களோடு துணைவேலை செய்பவர்களும் தனியே எண்ணப்பட்டார்கள். இந்த விஷயத்தில் கைத்தறி, வேளாண்மையைவிட ஒரு படி மேலே நிற்கிறது. ஆனால் எண்ணிக்கையில் ஏறிய பெண் கூலியில் ஏறவில்லை. சங்கமோ முதலாளியோ பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுப்பார்கள். புடவை நெய்து முடிந்ததும் கூலி, அந்தப் புடவைக்கு மொத்தமாக, ஒருவர் கையில் வரும். இழை சுற்றியதற்கும், தார் போட்டதற்கும், அறுந்த இழையைப் பிணைத்ததற்கும், பாவு நீட்டும்போது மறுமுனையில் நின்றதற்கும் தனிக் கணக்கு இல்லை. வீட்டுக்குள் நடக்கும் வேலை என்பதால் அது வீட்டு வேலையோடு சேர்ந்துவிடுகிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. அடுத்தவர் நிலத்தில் நடவுக்குப் போகும் பெண்ணுக்கு அன்றன்று கூலி உண்டு. அவள் உழைப்பு மறைவது குடும்பத்தின் சொந்த நிலத்தில்தான். நெசவாளர் வீட்டிலோ தார் சுற்றும் பெண்ணுக்கு அந்த நாள்கூலியும் இல்லை. நிலம் தலைமுறைகளுக்கு நிற்கும் சொத்து, அதனால் உரிமைதான் அங்கே சண்டைப்பொருள். தறிக்குப் பட்டா இல்லை. தறி மரத்தை அவள் பெயருக்கு மாற்றினாலும் பெரிதாக எதுவும் மாறாது. அங்கே அதிகாரம் கச்சாப்பட்டிலும் கடனிலும் கூலிப் புத்தகத்திலும் இருக்கிறது. எனவே நோய் ஒன்றுபோலத் தெரிந்தாலும் மருந்து வேறு.

மருந்தின் அடிப்படையைச் சுவாமிநாதன் சொல்லிவிட்டார். 2007 முதல் 2013 வரை மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்த அவர், பெண் விவசாயிகள் உரிமை மசோதாவை 2012இல் தனிநபர் மசோதாவாக அறிமுகம் செய்தார். நிலம் யார் பெயரில் இருக்கிறது, கல்யாணம் ஆனதா இல்லையா என்றெல்லாம் பார்க்காமல், உழைக்கும் பெண்ணுக்குக் கிராமசபையின் ஒப்புதலோடு விவசாயி என்ற சான்றிதழ் தர வேண்டும் என்றது அது. அவர் பதவிக்காலம் முடிந்ததோடு, சட்டமாகாமலே மசோதா காலாவதியானது. ஆனாலும் அதன் உட்கருத்து பழையதாகிவிடவில்லை: யாரிடம் சொத்து இருக்கிறது என்று கேட்பதற்கு முன், யார் உழைக்கிறார்கள் என்று கேள், பதிலை அந்த உழைப்பைத் தினமும் பார்க்கும் ஊராரிடமிருந்து வாங்கு.

ஆரணியின் வயலுக்கு இதை அப்படியே பொருத்தலாம். தறிக்கு வரும்போது சற்று மாற்ற வேண்டும். அங்கே சான்றிதழைவிடக் கூலிப் புத்தகம் முக்கியம். ஒரு புடவைக்கு இரண்டு பெயர்கள் எழுதப்படட்டும். துணைவேலைக்கு என்று கூலியில் ஒரு பங்கு தனியே குறிக்கப்பட்டு, அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும். கூட்டுறவுச் சங்கங்கள் இதைத் தொடங்கினால், நாளை நலத்திட்டத்துக்கோ கடனுக்கோ விண்ணப்பிக்கும்போது காட்ட அவளிடம் ஓர் ஆதாரம் இருக்கும்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2026ஐப் பெண் விவசாயிகளுக்கான சர்வதேச ஆண்டாக அறிவித்திருக்கிறது. ஆரணியில் அந்த ஆண்டு பாதிப் பெண்களைத்தான் எட்டும், மற்றப் பாதியைத் தறிமேடையில் விட்டுவிடும். ஓர் ஆசிரியருக்கு மாணவர்கள் செய்யும் மரியாதை, அவர் கேட்ட கேள்வியை அவர் போகாத இடத்துக்கும் கொண்டுபோவது. நெல்லுக்காகச் சுவாமிநாதன் கேட்டதைப் பட்டுக்காகவும் கேட்க வேண்டிய ஊர் ஆரணி.