கண்மாய்த் தூண்டில் (விருதுநகர் மாவட்டம்)

கண்மாய்த் தூண்டில் என்பது விருதுநகர், சிவகாசி, சாத்தூர், திருவில்லிப்புத்தூர் வட்டாரங்களில் கரையில் அமர்ந்து, இரை கோத்த முள்ளும் மிதக்கும் தக்கையும் கொண்டு மீன் பிடிக்கும் முறையாகும்.

தூண்டில் தமிழகத்தில் மிகப் பழையது. சூதில் கிடைக்கும் வெற்றியை, மீன் விழுங்கிய தூண்டில் பொன்னுக்குத் திருக்குறள் (931) ஒப்பிடுகிறது. அந்தப் பொன்னை இரும்பு என்றே பரிமேலழகர் கொள்கிறார்.

இது வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் கண்மாய்கள் கோடையில் சுருங்கிவிடும். தீபாவளிக்குப் பின் பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும் நாட்களும் கண்மாய் பெருகும் நாட்களும் ஏறத்தாழ ஒன்றே.

மயிலிறகின் தண்டு அல்லது சோளத்தட்டைத் துண்டு தக்கையாகும். முள்ளுக்குச் சற்று மேலே ஈயக்குண்டு கட்டினால் தக்கை நீரில் நிமிர்ந்து நிற்கும். முள் எவ்வளவு ஆழத்தில் தொங்க வேண்டும் என்பதைத் தக்கையை நூலில் ஏற்றி இறக்கி முடிவு செய்வர். மண்புழு, பிசைந்த மாவு ஆகியவை இரை. தக்கை நடுங்கினால் சிறுமீன் கொறிக்கிறது என்று பொருள். அப்போது இழுப்பது வீண். அது சாய்ந்து ஓடும்போதோ அமிழும்போதோதான் சுண்ட வேண்டும். முன்பு பருத்தி நூல். இப்போது தங்கூசி எனப்படும் நைலான் நரம்பு.

சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியக் குளங்களில் தூண்டிலிடுவது பற்றித் தனி நூலே 1887-இல் வெளியிட்டார். வட அமெரிக்க மேற்குக் கரை ஆறுகளில் கடலிலிருந்து ஏறிவரும் ஸ்டீல்ஹெட் மீனையும் கோடையில் தக்கையும் இரையும் கொண்டு பிடிப்பதுண்டு. அது வானவில் ட்ரௌட்டின் கடலோடி வகை. அதே இனம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீலகிரி ஓடைகளில் விடப்பட்டது. குளிர்நீர் மீனாதலால் சிவகாசி வெயிலுக்கு அது தாங்காது.

இங்கு நிலைமையை மாற்றியது 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக்கெண்டை. எந்தத் தண்ணீரிலும் பெருகும் இம்மீன், நாட்டு மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. சிறுவர் தூண்டிலில் எளிதாக மாட்டுவதால் அவர்களுக்கு இதில் குறையில்லை.

உரிமைச் சிக்கல் வேறு. கண்மாயின் மீன்பாசி உரிமை ஏலம் விடப்படுகிறது. கட்லா, ரோகு குஞ்சுகளைக் காசு கொடுத்து வாங்கி விடும் குத்தகைதாரர் தூண்டிலைத் தடுக்கிறார். வரத்துக்கால் வெட்டிக் கரை காத்தவர்கள் தாங்களே என்பது ஊராரின் வாதம். இரண்டிலும் நியாயம் உண்டு. குத்தகைக்குப் போகாத கண்மாய்களில் நீர் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊத்தா, கச்சா, வலையுடன் ஊரே இறங்கும். முழங்கால் அளவுச் சேற்றுநீரில் தூண்டிலுக்கு வேலை இல்லை.