அமைதிப்படையும் போர்ப் பதக்கமும்

நாம் வாழும் பல நாடுகளில் நவம்பர் 11 அன்று முதிய படைவீரர்கள் பதக்கங்கள் அணிந்து நிற்பதைக் காண்கிறோம். அவர்களுள் ஐ.நா. அமைதிப்படையில் இருந்தவர்களும் உண்டு. "எங்கட ஊருக்கு வந்த அமைதிப்படையோ?" என்று பிள்ளைகள் கேட்டால், இல்லை என்று சொல்வதோடு நிறுத்தாமல் வேறுபாட்டையும் சொல்லவேண்டும்.

ஐ.நா. பதக்கத்துக்கு வீரச்செயல் எதுவும் தேவையில்லை. ஒரு பணியில் குறித்த காலம், பெரும்பாலும் 90 நாட்கள், இருந்தாலே போதும். முன்புறத்தில் ஐ.நா. சின்னம் இருக்கும். பின்புறத்தில் 'அமைதியின் பணியில்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்கள். அணிந்தவர் சைப்பிரசில் நின்றாரா, லெபனானில் நின்றாரா என்பதைப் பதக்கப் பட்டியின் நிறக்கோடுகள் காட்டும்.

1987இல் நம் மண்ணுக்கு வந்தது ஐ.நா. படை அல்ல. யூலை 29இல் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தின்படி வந்த இந்திய இராணுவம் அது. பாதுகாப்புச் சபையின் ஆணையும் இல்லை, நீலத் தொப்பியும் இல்லை. ஒக்டோபரில் 'பவான்' நடவடிக்கை தொடங்கியது. அம்மாதம் 21, 22ஆம் நாட்களில் யாழ். போதனா வைத்தியசாலைக்குள் மருத்துவர்களும் தாதியரும் நோயாளரும் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அந்தப் படையின் மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் 1987 நவம்பர் 25இல் யாழ்ப்பாணத்தில் புலிகளுடனான மோதலில் இறந்தார். அவருக்கு இந்தியா வழங்கியது பரம் வீர் சக்கரம். 'எதிரியின் முன்னிலையில்' காட்டும் வீரத்துக்கு உரிய மிக உயர்ந்த போர்க்கால விருது அது. பெயரோ அமைதிப்படை, விருதோ எதிரியை வைத்து அளக்கப்படுவது. ஒப்பந்தம் மறைத்ததை விருதின் விதி சொல்லிவிட்டது என்றே நாம் படிக்கிறோம்.

உண்மையான ஐ.நா. பணியிலும் இப்படி ஒருமுறை நடந்ததுண்டு. 1961 டிசம்பர் 5இல் கொங்கோவின் எலிசபெத்வில் நகரில் கட்டங்காப் பிரிவினைப் படையினருடன் மோதி இறந்த கப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்கும் இதே விருது வழங்கப்பட்டது. ஆனால் அங்கே தேவைப்பட்டால் பலத்தைப் பயன்படுத்தப் பாதுகாப்புச் சபை வெளிப்படையாகவே ஆணை கொடுத்திருந்தது.

1990 மார்ச்சில் இந்தியப்படை வெளியேறியது. இறந்த படையினரின் பெயர்கள் பொறித்த நினைவிடம் பத்தரமுல்லையில் உண்டு. வைத்தியசாலையில் கொல்லப்பட்டோருக்கு ஊழியர்களும் உறவினரும் ஆண்டுதோறும் ஒக்டோபர் 21இல் அங்கேயே அஞ்சலி செலுத்துகிறார்கள்.