வாப்பாவின் உறுதிப் பெட்டி

வாப்பாவின் நாற்பதாம் கத்தம் முடிந்த பின்னர் அவரது தகரப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே மூன்று நன்கொடை உறுதிகள். மூன்றும் சகோதரிமார் மூவரின் பெயரில். எனக்கும் தம்பிக்கும் ஒரு பேர்ச் காணியுமில்லை. தம்பி என் முகத்தைப் பார்த்தான். நான் சிரித்துவிட்டேன். நாங்கள் இருவரும் குடியிருப்பது மனைவிமாரின் வீடுகளில்தானே!

கிழக்கிலங்கையில் இது புதினமல்ல. மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போவதும், வீடும் வளவும் பெண்வழியே இறங்குவதும், குடி தாய்வழியே எண்ணப்படுவதும் இங்குள்ள முஸ்லிம்களுக்கும் தமிழருக்கும் பொதுவான வழமை. மார்க்கம் சொல்லும் பங்கோ வேறு. மகனுக்கு இரண்டென்றால் மகளுக்கு ஒன்று. இவ்விரண்டையும் நம் முன்னோர் பொருத்திக்கொண்ட விதம் அந்தப் பெட்டிக்குள் கிடந்தது. வாரிசுப் பங்கு மௌத்துக்குப் பின் வருவது; ஹிபா உயிரோடிருக்கையில் கொடுப்பது. கொடுத்து முடித்த சொத்தில் பங்கு பிரிக்க எதுவுமில்லை.

சட்டமும் இதற்கு மெல்ல மெல்ல இடம்விட்டது. ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்து கொண்டுவந்த விதிகளைத் தழுவி, 1806இல் ஆங்கிலேயர் கொழும்பு மாகாண முஸ்லிம்களுக்கு ஒரு சட்டக்கோவை தந்தனர். 1852இல் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. 1840இன் கட்டளைச் சட்டம் காணி உறுதிக்கு நொத்தாரிசையும் இரு சாட்சிகளையும் கட்டாயமாக்கிற்று. 1844இன் சட்டப்படி முஸ்லிம் ஒருவர் தன் முழுச் சொத்தையும் விரும்பியவருக்கு மரணசாசனம் எழுதலாம். மார்க்கமோ, மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றி, மூன்றிலொன்றுக்கு மேற்பட்ட வஸிய்யத்தை ஏற்பதில்லை. நம்மூரவர் மரணசாசனத்தை அதிகம் நாடாததற்கு இதுவும் காரணமென்பது என் எண்ணம்.

மரணசாசனமின்றி மௌத்தானோரின் சொத்து, அவரவர் மத்ஹபுப்படி பிரிய வேண்டுமென்றது 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். நன்கொடையையும் அது விடவில்லை. மீளப்பெற முடியாதது என உறுதியிலேயே எழுதியிராவிட்டால் அந்த நன்கொடை மீளப்பெறக்கூடியதே. உறுதியைப் பெறுபவர் கையில் கொடுத்தாலே சொத்தின் கையளிப்புக்கு அது சான்று. சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதினாலோ, முஸ்லிம் சட்டம் விலகி உரோம டச்சுச் சட்டம் வந்துவிடும்.

வாப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆனால் மூன்றாவது உறுதியில், தனக்கும் உம்மாவுக்கும் சீவிய உரித்தை வைத்தே வீட்டை இளையவளுக்கு எழுதியிருந்தார். உம்மாவை யாரும் எழுப்ப முடியாது.

எனக்கு மூன்று பெண்மக்கள், ஆண் இல்லை. கடன்பட்டு வாங்கிய நாற்பது பேர்ச் வளவொன்றுண்டு. நான் எழுதாமல் மௌத்தானால் 24 பங்கில் மக்களுக்கு 16, உம்மாவுக்கு 4, மனைவிக்கு 3. மிஞ்சும் 1 தம்பிக்கும் சகோதரிமாருக்கும். கணக்கு வாத்தியாருக்குப் பிடித்த கணக்குத்தான். ஆனால் நாளை அந்த வளவை விற்கவோ பிரிக்கவோ ஒன்பது பேர் கையெழுத்திட வேண்டும். மக்களுக்கு எழுதிக்கொடுத்தாலோ, உம்மாவின் 4 பங்கை என் பேனா அழிக்கிறது.

உம்மாவிடமே கேட்டேன்.

"எனக்கென்னத்துக்கு மகன் காணி? புள்ளைகளுக்கு எழுது."

நொத்தாரிசிடம் நாள் கேட்டிருக்கிறேன். 'மீளப்பெற முடியாத' என்ற சொல்லைச் சேர்ப்பதா என்றுதான் இன்னும் தீர்மானிக்கவில்லை.