கெடாத இரை

சாம்பல்தீவுக் களப்பில தூண்டில் போடுற ஆக்களுக்கு இறாலும் சின்ன மீனும்தான் பழகின இரை. வாலாட்டி நீந்துற சின்ன ரப்பர் மீனின் கதை வேற ஊரில தொடங்குது. 1949இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் நிக் கிரீம் என்பவர் வினைலும் எண்ணெயும் சாயமும் காய்ச்சி, அச்சில் ஊற்றி மெல்லிய புழு செய்தார். நன்னீர் பாஸ் மீன் அதை நிசமெண்டு நம்பிக் கவ்வியது. பிறகு துடுப்பு வால் வைத்த ரப்பர் மீன்களும் வந்தன. அந்த வால் எழுப்புற அதிர்வை மீன் தன் பக்கக்கோட்டால் உணரும். எங்கட கொடுவாவும் அப்பிடித்தான் ஏமாறும்.

உயிர்ப்புழு அழுகும், இது கெடாது. அதுதான் இதன் பெருமை. தங்கூசி அறுந்தால் அதுவே வினை: களப்பின் அடியில் கனகாலம் கிடக்கும். கிழிஞ்சதையாவது தண்ணிக்குள்ள எறியாமல் வீட்டுக்குக் கொண்டுவாங்கோ.