சிகாகோ பச்சை ரெலிஷ்

அமெரிக்காவின் சிகாகோ நகரில், ரொட்டிக்குள் தொத்திறைச்சி வைத்த ஹாட் டாக் மீது இடப்படும் இனிப்புப் புளிப்பு வெள்ளரிக்காய் ஊறுகாய். பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், சர்க்கரை, வினிகர், உப்பு ஆகியவை இதன் அடிப்படைப் பொருள்கள். ஊறுகாய் என்றதும் நம் நாக்கு எதிர்பார்க்கும் எண்ணெயும் காரமும் இதில் கிடையா. சுவையை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்நாட்டின் எந்த மளிகைக் கடையிலும் விற்கும் சாதாரண இனிப்பு ரெலிஷிலிருந்து இதைப் பிரித்தறிவது கடினம். இதைத் தனித்துக் காட்டுவது நிறம்தான்: எந்தக் காயிலும் காண முடியாத, நீலம் ஓடிய பளீர்ப் பச்சை.

இதன் முன்னோரைத் தேடிப் போனால் வழி இந்தியாவுக்கு வந்து சேர்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் இங்கிலாந்து சென்ற மாங்காய் ஊறுகாயைப் பார்த்து, கையில் கிடைத்த காய்களைக் கொண்டு அதுபோல் செய்ய ஆங்கிலேயர் முயன்றனர். ஹன்னா கிளாஸின் புகழ்பெற்ற சமையல் நூலின் 1758ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘பாக்கோ-லில்லா’ என்னும் ‘இந்திய ஊறுகாய்’ இடம்பெற்றது. இஞ்சியையும் திப்பிலியையும் பூண்டையும் உப்பிட்டு வெயிலில் உலர்த்தி, கடுகும் மஞ்சளும் சேர்த்து வினிகரில் ஊறப் போடச் சொல்கிறது அந்தக் குறிப்பு. செய்முறையில் நம் வீட்டுப் பாட்டிமார் குறை காண ஏதுமில்லை. எண்ணெய்க்குப் பதில் வினிகர், அவ்வளவுதான். அதுவே பிற்காலத்தில் ‘பிக்கலில்லி’ ஆகி, குடியேறிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்தது. அமெரிக்காவில் மஞ்சளும் பூண்டும் படிப்படியாகக் கழன்றுகொள்ள, சர்க்கரை கூடியது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹைன்ஸ் நிறுவனம் ‘இந்தியா ரெலிஷ்’ என்ற பெயரிலேயே ஒரு வெள்ளரிக்காய் ரெலிஷை விற்றது. அதற்குள் பெயரில் இருந்த இந்தியா நாக்கில் ஏறக்குறைய மறைந்துவிட்டது.

ரெலிஷ் ஏறி அமர்ந்த தொத்திறைச்சிக்கு வேறொரு வரலாறு உண்டு. 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில், ஆஸ்திரிய-ஹங்கேரியிலிருந்து வந்த எமில் ரைக்கல், சாமுவேல் லடானி இருவரும் மாட்டிறைச்சித் தொத்திறைச்சி விற்றனர். இன்றைய வியன்னா பீஃப் நிறுவனம் தன் தொடக்கமாகக் கொள்வது அதைத்தான். கிழக்கு ஐரோப்பிய யூதக் குடியேறிகள் நிறைந்த மேக்ஸ்வெல் தெருச் சந்தையில், பன்றி இறைச்சி கலவாத இந்த வகை எளிதாக வேரூன்றியது.

1929இல் பொருளாதாரப் பெருமந்தம் தொடங்கிய வேளையில், அதே பகுதியில் ஃப்ளூக்கிஸ் என்ற கடை காய்கள் குவித்த ஹாட் டாக்கை 5 சென்டுக்கு விற்றது என்பது அக்கடையாரின் கூற்று. முதலில் செய்தவர் யார் என்பதில் வேறு சிலரும் உரிமை கொண்டாடுவதுண்டு. காய்களைக் குவித்த காரணம் என்னவோ தெளிவுதான்: இறைச்சி விலை உயர்ந்தது, காய் மலிவானது, ஒரே ரொட்டியில் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். இன்று வழக்கில் நிலைத்துவிட்ட வரிசை இது: கசகசா தூவிய ரொட்டி, மஞ்சள் கடுகு விழுது, பச்சை ரெலிஷ், வெங்காயம், தக்காளித் துண்டுகள், நீளவாக்கில் அரிந்த ஊறுகாய் வெள்ளரி, ‘ஸ்போர்ட் பெப்பர்’ என்னும் ஊறவைத்த சிறு மிளகாய், மேலே செலரி உப்பு. தக்காளி கெச்சப்புக்கு இடமில்லை. கேட்பவரைக் கடைக்காரர் கேலி செய்வதும் அந்த ஊர் மரபு.

நிறத்துக்கு வருவோம். வெள்ளரியின் பசுமைக்குக் காரணமான பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. வினிகரின் அமிலம் அதை வெளியேற்றிவிட, காய் மங்கிய ஆலிவ் பழுப்பாக மாறும். உண்மையில் எந்த நேர்மையான வெள்ளரி ஊறுகாயின் நிறமும் அதுதான். சிகாகோ தயாரிப்பாளர்கள் அந்தப் பழுப்பின் மேல் இரண்டு செயற்கைச் சாயங்களைச் சேர்த்தனர்: டார்ட்ரசீன் என்னும் மஞ்சள், பிரில்லியன்ட் ப்ளூ என்னும் நீலம். அமெரிக்க அரசு முன்னதற்கு 1916இலும் பின்னதற்கு 1929இலும் உணவில் சேர்க்க இசைவளித்தது. ஆனால் பளீர்ப் பச்சை ரெலிஷ் நகரத்தின் அடையாளமானது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். நம் ஊர் இனிப்புக் கடைகளில் ‘ஆப்பிள் பச்சை’ என்று புழங்கும் சாயமும் இதே இரண்டின் கலவையே.

சிவப்புத் தக்காளி, மஞ்சள் கடுகு, வெள்ளை வெங்காயம் ஆகியவற்றுக்கு நடுவே ஆலிவ் பழுப்பு எடுபடாது. கண்ணுக்காகச் செய்த வேலை இது. சுவைக்கு இதனால் எந்த லாபமும் இல்லை. ஆயினும் இந்த நிறம் இல்லாவிட்டால் ஹாட் டாக் சிகாகோவினுடையது அன்று என்று சாதிப்பவர்கள் அங்கே நிறைய. 1948இல் தொடங்கிய சூப்பர்டாக் கடை இதைத் தன் பட்டியலில் இன்னும் ‘பிக்கலில்லி’ என்றே குறிப்பிடுகிறது. பழைய இந்திய ஊறுகாயின் பெயர் அந்த நகரில் ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்களில் அது ஒன்று.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல் டார்ட்ரசீன் சேர்ந்த உணவுப் பொட்டலங்கள், குழந்தைகளின் கவனத்தையும் நடத்தையையும் அது பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையைத் தாங்க வேண்டும். அமெரிக்காவில் 2025 ஏப்ரலில், பெட்ரோலியத்திலிருந்து பெறும் உணவுச் சாயங்களை 2026 இறுதிக்குள் கைவிடுமாறு உணவு நிறுவனங்களை அரசு கேட்டுக்கொண்டது. ரெலிஷில் சேரும் இரண்டும் அந்தப் பட்டியலில் உள்ளன. அடுத்த மாதமே, மாற்று நீலங்களுள் ஒன்றாக நம் வேலிகளில் படரும் சங்குப்பூவின் சாற்றைப் பயன்படுத்தும் வாய்ப்பும் விரிவாக்கப்பட்டது. அமிலம் பட்டால் சங்குப்பூ ஊதாவாகிவிடும் என்பதால் வினிகரில் ஊறும் ரெலிஷுக்கு அது உதவாது.