பொம்மை கற்றுத்தராத பாடம்

ஒரு நோயாளிக்குத் திடீரென மூச்சு நின்றுவிடுகிறது. சுற்றிவர வைத்தியர்கள், தாதியர், மயக்கமருந்து நிபுணர் எல்லாரும் நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தன் வேலை நன்றாகவே தெரியும். அப்படியிருந்தும் சிலவேளை உயிர் போய்விடுகிறது. ஏன்? இந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் விடை தேடிய வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். அந்த விடையின் பெரும்பங்கு ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து வரவில்லை, விமானிகளிடமிருந்து வந்தது.

கதை ஒரு பொம்மையில் தொடங்குகிறது. வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுத்தால் பலன் உண்டு என்பதை 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பீட்டர் சஃபார் என்ற வைத்தியர் நிறுவினார். அதைச் சனங்களுக்குப் பழக்க ஒரு உடல் வேணும். நோர்வேயில் பிளாஸ்டிக் பொம்மைகள் செய்துகொண்டிருந்த ஒஸ்முண்ட் லேர்டால் 1960இல் 'ரெசுசி ஆன்' என்ற பொம்மையை உருவாக்கினார். அதே பத்தாண்டில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 'சிம் வன்' வந்தது. கணினியால் இயங்கி, நெஞ்சு ஏறி இறங்கி, கண் சிமிட்டும் பொம்மை அது. விலை மிக அதிகம் என்பதால் பரவவில்லை. இரண்டுமே தனி ஆளின் கையைப் பழக்கின. பக்கத்தில் நிற்பவரோடு எப்படிக் கதைப்பது என்பதை அப்போது ஒரு பாடமாகக் கருதவில்லை.

அதைப் பாடமாக்கியவை விமான விபத்துகள். 1977 மார்ச் 27, தெனெரிஃபே தீவில் மூடுபனி. கே.எல்.எம். விமானத்தின் தலைமை விமானி, புறப்பட அனுமதி கிடைக்காமலேயே ஓடுபாதையில் வேகமெடுக்கிறார். பான் அம் விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் கேட்கிறார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்திச் சொல்ல, அந்தப் பேச்சு அத்தோடு முடிகிறது. 583 பேர் இறந்தார்கள். அந்தத் தலைமை விமானி ஒன்றும் கற்றுக்குட்டி இல்லை, மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்தவர். அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் அருகே, சக்கரக் கோளாறிலேயே தலைமை விமானியின் கவனம் நிற்க, எரிபொருள் தீர்ந்து யுனைட்டட் விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவதைப் பக்கத்தில் இருந்தவர்கள் கவனித்திருந்தார்கள். ஆனால் அழுத்திச் சொல்லவில்லை.

1979இல் நாசா இதைப் பற்றி ஒரு பட்டறை நடத்தியது. 1981இல் யுனைட்டட் நிறுவனம் தன் விமானிகளுக்குப் புதுப் பயிற்சி தொடங்கியது. கீழே இருப்பவர் துணிந்து சொல்ல வேணும், மேலே இருப்பவர் காதுகொடுத்துக் கேட்க வேணும் என்பதே அதன் சாரம்.

இதை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மயக்கமருந்து வைத்தியர் டேவிட் காபா. 1980களின் பிற்பகுதியில் அவரும் குழுவினரும் பொம்மை நோயாளியை வைத்து ஒரு சத்திரசிகிச்சைக் கூடத்தையே நடிப்புக்காக அமைத்தார்கள். நாடித்துடிப்பு விழும், ஒட்சிசன் குறையும், குழுவாக அதைச் சமாளிக்க வேணும். "யாராவது அட்ரினலின் குடுங்கோ" எண்டு பொதுவாகக் கத்தினால் ஒருத்தரும் குடுக்காமல் விடலாம். பெயர் சொல்லிக் கேட்க வேணும். கேட்கப்பட்டவர் "ஒரு மில்லிகிராம் குடுத்தாச்சு" எண்டு திருப்பிச் சொல்ல வேணும். முடிந்த பிறகு ஒளிப்பதிவைப் போட்டுப் பார்த்து, நடந்ததை எல்லாரும் இருந்து கதைப்பார்கள். உண்மையில் படிப்பு நடப்பது அங்கேதான்.

இது ஏன் தேவை என்பதை 2005இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு மரணம் காட்டியது. மார்ட்டின் ப்ரோமிலி என்ற விமானியின் மனைவிக்குச் சாதாரண சைனஸ் சத்திரசிகிச்சை. மயக்கமருந்து கொடுத்ததும் மூச்சுப்பாதை அடைபட்டது. அனுபவம் மிக்க வைத்தியர்கள் குழாய் செலுத்தவே திரும்பத் திரும்ப முயன்றார்கள். கழுத்தில் துளையிடும் கருவிகளை ஒரு தாதி கொண்டுவந்து, தயார் என்று சொல்லியும் அது எடுபடவில்லை. 13 நாளில் அவர் இறந்தார். என்ன செய்ய வேணும் என்று தாதியருக்குத் தெரிந்திருந்தது, எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. ப்ரோமிலி யாரையும் தண்டிக்கக் கேட்கவில்லை. இதிலிருந்து என்ன கற்றீர்கள் என்று கேட்டார். 2007இல் அதற்காகவே ஒரு அமைப்பைத் தொடங்கினார்.

பயிற்சியால் பலன் உண்டா? பிரிஸ்டல் நகரின் சவுத்மீட் ஆஸ்பத்திரியில் 2000ஆம் ஆண்டு முதல் மருத்துவமாதுக்களும் வைத்தியர்களும் ஒன்றாகப் பிரசவ அவசரங்களைப் பழகினார்கள். ஒட்சிசன் குறைந்து மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகள் 10,000 பிறப்புக்கு ஏறத்தாழ 27ஆக இருந்தது 14ஆகக் குறைந்ததாக 2006இல் வந்த ஆய்வு சொன்னது. முன்னையும் பின்னையும் ஒப்பிட்ட ஆய்வு என்பதால் பயிற்சி மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல ஏலாது. ஆனாலும் பாதியாகக் குறைவது சின்ன விசயம் இல்லை. அதற்கு விலை உயர்ந்த பொம்மைக்கூடம் அவசியப்படவுமில்லை. தங்கள் ஆஸ்பத்திரியிலேயே, தாங்கள் நாளாந்தம் வேலை செய்யும் ஆட்களோடு பழகினார்கள்.

எங்களில் பலர் நாளைக்கு ஏதோ ஒரு வேலையிடத்தில் கடைசி ஆளாகத்தான் கால் வைப்போம். அங்கே பிழை ஒன்று கண்ணுக்குப் படும்போது, "நான் ஆர் சொல்ல?" எண்டு வாய் மூடிக்கொள்ளத் தோன்றும். அந்த மௌனம் கூச்சமோ குணமோ மட்டுமில்லை, பழக்கிவிட்ட ஒன்று. பழக்கியதை மாற்றிப் பழக்கலாம். இந்த வரலாற்றிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்வது அதைத்தான்.