கெட்ட காற்று

மலேரியா என்பது இத்தாலியச் சொல். 'மாலா' என்றால் கெட்ட, 'ஆரியா' என்றால் காற்று. ரோம் நகரைச் சுற்றியிருந்த சதுப்பு நிலங்களிலிருந்து கிளம்பும் நாற்றக் காற்றுதான் காய்ச்சலைக் கொண்டுவருகிறது என்று அங்கே பல நூற்றாண்டுகள் நம்பினார்கள். இத்தாலி போன ஆங்கிலேயர் ஹொரேஸ் வால்போல் 1740இல் ஊருக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சொல் வருகிறது. அப்படித்தான் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது.

இத்தாலியர்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ராத்திரிக் காற்று ஆகாது என்று ஜன்னலைச் சாத்தினார்கள். கொசு வெளியிலேயே நின்றது. சதுப்பை வடித்தார்கள், காய்ச்சல் குறைந்தது. கணக்குப் போட்ட வழி தப்பு, விடை மட்டும் சரி! (எங்கள் பேங்க் ஆடிட்டர் ஒப்புக்கொள்ள மாட்டார், அது வேறு விஷயம்.)

அந்தப் பெயரைப் பொய்யாக்கிய இடம் நம்ம செகந்திராபாத். அல்மோராவில் பிறந்த ராணுவ டாக்டர் ரொனால்ட் ராஸ், 1897இல் ஊட்டி பக்கம் சீகூருக்கு ஆராய்ச்சிக்குப் போய்த் தானே மலேரியாவில் விழுந்து எழுந்தவர். அதே வருஷம் பேகம்பேட்டையில் ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கொசுக்களுக்குக் கடிக்கக் கொடுத்தார். கூலி, ஒரு கொசுவுக்கு ஓரணா. பதினாறு கடி வாங்கினால்தான் ஒரு ரூபாய். அவரைக் கடித்த கொசு ஒன்றை ஆகஸ்ட் 20 அன்று அறுத்துப் பார்த்தபோது, அதன் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமி வளர்வது தெரிந்தது. ராஸுக்கு 1902இல் நோபல் பரிசு. ஹுசேன் கானுக்கு அணாக்கள். அந்தக் கட்டடம் பழைய விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஹைதராபாத்தில் இருக்கும் நம்மவர்கள் குழந்தைகளைக் கூட்டிப்போய்க் காட்டலாம். காட்டும்போது இரண்டு பெயரையும் சொல்லுங்கள்.

காற்று குற்றவாளி இல்லை என்று தெரிந்தபிறகும் பெயர் மாறவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் 'பலுடிஸ்ம்' என்கிறார்கள்; அதற்குள்ளும் லத்தீன் சதுப்புதான் இருக்கிறது.

நம் பெரியவர்கள் வைத்த பெயர் முறைக்காய்ச்சல். எதனால் வருகிறது என்ற ஊகமே அதில் கிடையாது. முறை வைத்து வருகிறது, ஒருநாள் விட்டு ஒருநாள் குளிரும் நடுக்கமும். பார்த்ததைச் சொன்னார்கள், அவ்வளவுதான். ரத்தச் சிவப்பணுக்களுக்குள் பெருகும் கிருமிகள் சுமார் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்றாக வெடித்து வெளியேறுவதுதான் அந்த முறைக்குக் காரணம். ஒரு வகைக்கு 72 மணி நேரம்.